பால்கோவா

பால்கோவா என்பது, பாலை அகன்ற பாத்திரத்தில் இடைவிடாது கிளறிச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துச் செய்யப்படும் ஓர் இனிப்புப் பண்டம் ஆகும். தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த திருவில்லிபுத்தூர் (ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் எழுதப்படும்) இப்பண்டத்துக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்ப் பால்கோவா பசும்பாலில் செய்யப்படுவது. 2019ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பால்கோவாவின் மூலப்பொருட்கள் இரண்டே: பால், சர்க்கரை. இவ்வளவு எளிய பண்டம் ஏன் ஓர் ஊரின் பெயரோடு இணைந்து நிற்கின்றது, அதன் சுவையும் மணமும் எங்கிருந்து வருகின்றன, அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பெயர்

பால்கோவா என்பது தமிழ்ச் சொல்லும் இந்திச் சொல்லும் இணைந்த பெயர். சர்க்கரை சேர்க்காமல் கெட்டியாகச் சுண்டக் காய்ச்சிய பாலை வட இந்தியாவில் கோவா அல்லது கோயா என்பர். சில பகுதிகளில் மாவா என்றும் கூறுவர். கோவா மாநிலத்தின் பெயரும் தமிழில் இவ்வாறே எழுதப்படுவதால் சிலர் இரண்டையும் தொடர்புபடுத்துவதுண்டு. இவற்றுக்கிடையே எத்தொடர்பும் இல்லை.

பாலைச் சுண்டக் காய்ச்சும் முறை தமிழருக்குப் புதியது அன்று. இதே முறையில் வீடுகளில் செய்யப்படும் இனிப்புக்குத் திரட்டுப்பால் என்ற தமிழ்ப் பெயர் உண்டு. திருமணச் சீர்களிலும் விழாக்களிலும் திரட்டுப்பால் இடம்பெறும். இதில் சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம் சேர்ப்பதும் உண்டு. கடைத்தெருவில் விற்கப்படும் பண்டத்துக்குப் பால்கோவா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

திருவில்லிபுத்தூரும் பாலும்

திருவில்லிபுத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் என்பதால் வைணவர்களுக்கு முக்கியமான தலம். மலையடிவாரச் சிற்றூர்களில் கால்நடை வளர்ப்பு வேளாண்மையோடு சேர்ந்த தொழிலாக உள்ளது. மலையை ஒட்டிய மேய்ச்சலே தங்கள் பாலின் சுவைக்குக் காரணம் என்று உள்ளூர் உற்பத்தியாளர்கள் கூறுவர்.

ஆண்டாளின் பாடல்களில் பாலும் வெண்ணெயும் பலமுறை பேசப்படுகின்றன. நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொள்ளும் பாடல் ஒன்று உண்டு. அக்காரவடிசில் என்பது அரிசி, பால், வெல்லம், நெய் சேர்ந்த உணவு. இதனைக் கொண்டு பால்கோவாவும் ஆண்டாள் காலத்தது என்று கருதுதல் பொருந்தாது. இப்பாடல் காட்டுவது பால் உணவுகளின் தொன்மையையே. பால்கோவா இவ்வூரின் விற்பனைப் பண்டமாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

அவ்வளர்ச்சிக்கு இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, கோயிலுக்கு வரும் மக்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் மார்கழி மாத வழிபாட்டுக்கும் பெருந்திரளாக வருவோரும், குற்றாலம், சபரிமலை ஆகிய இடங்களுக்கு இவ்வழியே செல்வோரும் ஊருக்குக் கொண்டு செல்லத்தக்க பண்டம் ஒன்றை வாங்க விரும்பினர். இரண்டாவது, விற்பனையாகாத பால். இந்தியாவில் வெள்ளைப் புரட்சி எனப்படும் பால்வளத் திட்டம் 1970இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் 1981இல் அமைந்தது. குளிரூட்டும் நிலையங்களும் பால் வண்டிகளும் பரவாத காலத்தில், கறந்த பாலைச் சில மணி நேரத்துக்குள் விற்றாக வேண்டும். தென் மாவட்ட வெப்பத்தில் பச்சைப் பால் விரைவில் திரிந்துவிடும். மிஞ்சிய பாலைக் கெடாமல் காக்க இருந்த வழிகள் இரண்டு: தயிராக்கி வெண்ணெயும் நெய்யும் எடுப்பது ஒன்று, சுண்டக் காய்ச்சுவது மற்றொன்று. ஆகவே பால்கோவாவை ஓர் இனிப்பு என்பதோடு, பாலைக் காக்கும் ஒரு தொழில்நுட்பம் என்றும் கொள்ள வேண்டும். கூட்டுறவுப் பால் சங்கமும் தனியார் கடைகளும் இன்று இதனைச் செய்து விற்கின்றன.

செய்முறை

1. வடிகட்டிய பசும்பாலை அகன்ற வாணலியில் ஊற்றிப் பெருந்தீயில் கொதிக்க விடுவர். நீர் ஆவியாவது பாலின் மேற்பரப்பில் நடப்பதால், பாத்திரம் அகலமாக இருத்தல் வேண்டும்.

2. பால் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து நீண்ட கரண்டியால் இடைவிடாது கிளறுவர். அடியையும் ஓரங்களையும் சுரண்டிவிட வேண்டும். கிளறாவிடில் புரதம் அடியில் படிந்து கருகும். மேலே ஆடை படிந்து ஆவியாதலைத் தடுக்கும். வட இந்திய இனிப்பான ரபடியில் இந்த ஆடையையே திரட்டி ஓரத்தில் ஒதுக்கிச் சேர்ப்பர். பால்கோவாவில் ஆடை படிய விடுவதில்லை.

3. பால் நன்கு குறுகிக் குழம்புப் பதம் அடைந்ததும் சர்க்கரை சேர்ப்பர். சர்க்கரை கரைந்ததும் கலவை சிறிது இளகும். பின்னர் மீண்டும் இறுகத் தொடங்கும்.

4. இந்நிலையில் தீயைக் குறைத்து, கலவை வாணலியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும் வரை கிளறுவர். பதம் வந்ததும் இறக்கி, சூடு ஆறும் வரை மேலும் சிறிது நேரம் கிளறுவர்.

திருவில்லிபுத்தூரில் மரபாக விறகு அடுப்பே பயன்பட்டு வந்தது. அளவு பெருகிய இடங்களில் நீராவியால் சூடேறும் இரட்டைச் சுவர்க் கலன்களும், மின்னோடியால் சுழலும் துடுப்புகளும் பயன்படுகின்றன. சூடான உருளையின் உட்சுவரில் பால் மெல்லிய படலமாகப் பரவ, சுழலும் அலகுகள் அதனைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் வகையிலான தொடர் இயக்கப் பொறிகளும் உள்ளன. கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆய்வு நிறுவனம் இத்தகைய பொறிகளை உருவாக்குவதில் ஈடுபட்டது. பொறி எதுவாயினும் அது செய்வது, அடுப்படியில் நிற்பவர் கரண்டியால் செய்யும் அதே வேலைதான்.

வீட்டில் செய்ய விரும்புவோர் ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 125 கிராம் சர்க்கரை என்ற கணக்கில் தொடங்கலாம். அடிகனமான அகன்ற வாணலியில் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஏறத்தாழ 350 கிராம் பால்கோவா கிடைக்கும்.

ஒரு கணக்கு

பத்து லிட்டர் பசும்பாலின் எடை ஏறத்தாழ 10.3 கிலோகிராம். பாலில் 87 விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீர். எஞ்சியவற்றில் கொழுப்பு 4, புரதம் 3.3, பால்வெல்லம் எனப்படும் லாக்டோசு 4.7, தாது உப்புகள் 0.7 விழுக்காடு எனக் கொள்வோம். அதன்படி பத்து லிட்டர் பாலில் நீர் நீங்கலாக இருப்பது ஏறத்தாழ 1.3 கிலோகிராம் மட்டுமே. இத்துடன் 1.25 கிலோகிராம் சர்க்கரை சேர்த்தால் திண்மப் பொருட்கள் 2.55 கிலோகிராம் ஆகும். கிடைக்கும் பால்கோவாவின் எடை மூன்றரைக் கிலோகிராம் என்றால், அதில் கால் பங்குக்குச் சற்று மேல் இன்னும் நீராகவே உள்ளது. வெளியேற்றப்பட்ட நீர் 8 கிலோகிராம்.

ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தம் 21 மெகாஜூல் ஆகின்றது. உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ 16 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஆனால் திறந்த அடுப்பில் பெரும்பகுதி வீணாகும். ஐந்தில் ஒரு பங்கே பாலைச் சென்றடைவதாகக் கொண்டால், ஒரு வாணலிப் பாலுக்கு ஆறு முதல் ஏழு கிலோகிராம் விறகு தேவை.

பால்கோவாவின் விலையில் பாலுக்கு அடுத்து அடங்கியிருப்பவை எரிபொருளும், தீயின் முன் நின்று கிளறுபவரின் உழைப்பும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. பால், விறகு, நேரம் ஆகிய மூன்றில் எதைக் குறைத்தாலும் செலவு குறையும். கலப்படமும் போலியும் நுழையும் வழிகள் இவையே.

சுவையும் மணமும் தோன்றும் விதம்

பால்கோவாவுக்கு நிறமோ மணப்பொருளோ சேர்க்கத் தேவையில்லை. வெண்ணிறப் பால் இளம் பழுப்பு நிறம் அடைவதும் மணம் தோன்றுவதும் பெரும்பாலும் மெயிலார்டு வினையால் நிகழ்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயிலார்டு 1912இல் விளக்கிய இவ்வினையில், புரதத்தின் அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறப் பொருட்களையும் மணப்பொருட்களையும் தருகின்றன. பால்கோவாவில் இதில் பங்குபெறுவது பாலிலேயே உள்ள லாக்டோசு. நாம் சேர்க்கும் சர்க்கரை நேரடியாக இவ்வினையில் ஈடுபடுவதில்லை. சர்க்கரை தானே கருகிப் பழுப்பாக 160 பாகை செல்சியசு அளவு வெப்பம் வேண்டும். நீர் உள்ளவரை வாணலிக் கலவை அவ்வளவு சூடாவதில்லை.

பால்கோவாவின் நுண்மணல் போன்ற பதத்துக்கும் காரணம் உண்டு. சூட்டில் பாலின் புரதங்கள் இயல்பு திரிந்து, நீர் குறையக் குறைய ஒன்றுகூடித் துகள்களாகின்றன. அத்துடன் லாக்டோசு நீரில் குறைவாகவே கரையும். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் 20 கிராம் அளவே கரையக்கூடிய இப்பொருள், மேலே கண்ட கணக்கின்படி பால்கோவாவின் 100 கிராம் நீருக்கு 50 கிராம் என்ற அளவில் உள்ளது. ஆகவே ஆறும்போது அதில் பாதிக்கு மேல் படிகமாக வெளிப்பட்டே தீரும். அசையாமல் ஆறவிட்டால் படிகங்கள் பெரிதாகிப் பல்லில் நறநறவெனப் படும். கிளறிக்கொண்டே ஆறவிட்டால் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றி நாவில் மென்மையாக இருக்கும். இறக்கிய பின்னும் கிளறும் வழக்கத்தின் பயன் இதுவே.

சேர்க்கப்படும் சர்க்கரையோ நன்றாகக் கரையக்கூடியது. அது கரைந்த நிலையிலேயே இருந்து எஞ்சிய நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்கின்றது. நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நீர் இதனால் குறைகின்றது. சர்க்கரை சேர்க்காத கோவாவைவிடப் பால்கோவா சில நாட்கள் கூடுதலாகக் கெடாமல் இருப்பதற்கு இது காரணம். எனினும் இது நெடுநாள் தாங்கும் பண்டம் அன்று. ஈரம் பட்டாலும் நாள் கடந்தாலும் பூஞ்சணம் பூக்கும்.

பாலை வெற்றிடத்தில் குறைந்த வெப்பநிலையில் சுண்டச் செய்யும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்றார். தகர டப்பாக்களில் விற்கும் இனிப்புக் கெட்டிப்பால் அதன் வழி வந்தது. குறைந்த வெப்பத்தில் சுண்டுவதால் அதன் நிறமும் மணமும் பாலை ஒத்தே உள்ளன. கெட்டிப்பாலோ பால்மாவோ கொண்டு விரைவாகச் செய்யும் பால்கோவாவில், நீண்ட நேரத் தீயால் வரும் மணம் குறைவாக இருப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

சத்துக்கள்

மேற்கண்ட கணக்கின்படி 100 கிராம் பால்கோவாவில் ஏறத்தாழ 12 கிராம் கொழுப்பு, 10 கிராம் புரதம், 14 கிராம் லாக்டோசு, 36 கிராம் சேர்த்த சர்க்கரை உள்ளன. இது 340 கிலோகலோரி ஆற்றல் தரும். 285 மில்லிலிட்டர் பாலின் சத்து இதில் அடங்கும். நீரிழிவு உள்ளவர்களும் லாக்டோசு செரிக்காதவர்களும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தென்கரை மாவட்டங்களின் பண்டங்கள்

திருவில்லிபுத்தூர், தூத்துக்குடி, கோவில்பட்டி ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது திருவில்லிபுத்தூர் அதில் சேர்ந்தது. 1985இல் விருதுநகர் மாவட்டம் ஆனது. தூத்துக்குடி மாவட்டம் 1986இல் உருவானது. இந்நிலப்பரப்பில் ஊருக்கொரு பண்டம் பெயர் பெற்றுள்ளது. திருநெல்வேலியில் கோதுமைப் பாலில் செய்யும் அல்வா, தூத்துக்குடியில் முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி கொண்டு செய்யும் மக்ரூன், கோவில்பட்டியில் நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கடலை மிட்டாய், உடன்குடியில் பனங்கருப்பட்டி ஆகியன அவற்றுள் சில.

இவற்றுள் பால்கோவாவோடு முறையால் மிக நெருங்கியது கருப்பட்டி. தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய தேரி நிலத்தில் மேய்ச்சல் குறைவு, பனை மிகுதி. பனையிலிருந்து இறக்கும் பதநீரும் பாலைப் போலவே சில மணி நேரத்தில் புளித்துப் போகக்கூடியது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிப்பதைத் தள்ளிப்போடலாம், தடுக்க இயலாது. எனவே அதனையும் அன்றன்றே அகன்ற பாத்திரத்தில் காய்ச்சி, கிளறி, கருப்பட்டியாக்குவர். அதே கடற்கரையில் உப்பளங்களில் நடப்பதும் நீரை ஆவியாக்கும் வேலையே. கடல்நீர் கெடாது என்பதால் அங்கு வெயிலையே நம்பி நாட்கணக்கில் காத்திருக்க முடிகின்றது. பாலும் பதநீரும் அவ்வாறு காத்திருப்பதில்லை. அதனால் அவற்றுக்கு விறகும் ஆளும் தேவைப்படுகின்றன. மலையடிவாரத்தின் பால்கோவாவும் கடற்கரையின் கருப்பட்டியும் கைப்பொருளாலேயே வேறுபடுகின்றன. இரண்டின் முறையும் ஒன்றே.

புவிசார் குறியீடு

இந்தியாவில் புவிசார் குறியீடுகளுக்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இலும், உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இலும் குறியீடு வழங்கப்பட்டது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

புவிசார் குறியீடு தனியொரு வணிகருக்கு உரியது அன்று; வரையறுக்கப்பட்ட நிலப்பகுதியில் குறித்த முறையில் உற்பத்தி செய்வோர் அனைவருக்கும் பொதுவானது. அவர்கள் தங்களை அங்கீகரிக்கப்பட்ட பயனர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேறிடத்தில் செய்த பால்கோவாவைத் திருவில்லிபுத்தூர்ப் பெயரில் விற்பது இச்சட்டப்படி உரிமை மீறல் ஆகும். பால்கோவா என்ற பொதுப்பெயரில் எவரும் எங்கும் செய்து விற்கலாம்.

பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் ஊர்ப்பெயரை மட்டும் நம்பி வாங்கப்படும் பண்டங்களுக்கு இப்பாதுகாப்பு முக்கியமானது. வாங்குபவர் ஒருமுறை ஏமாந்தால் அவர் குறை கூறுவது விற்றவரை அன்று, ஊரை. அதன் இழப்பு நேர்மையாகச் செய்பவருக்கும், அவருக்குப் பால் ஊற்றும் மாடு வளர்ப்போருக்குமே சென்று சேரும்.

தரமும் கலப்படமும்

புவிசார் குறியீடு காப்பது இடத்தையும் முறையையும். உணவின் தூய்மையைக் காப்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். இரண்டும் வேறு வேறு. தர விதிகளின்படி கோவாவில் திண்மப் பொருட்கள் குறைந்தது 55 விழுக்காடும், உலர்நிலைக் கணக்கில் பால் கொழுப்பு குறைந்தது 30 விழுக்காடும் இருக்க வேண்டும். மாவுப்பொருளோ, சர்க்கரையோ, நிறமோ சேர்த்திருக்கக் கூடாது. ஆகவே சட்டத்தின் நோக்கில், சர்க்கரை சேர்ந்த பால்கோவா என்பது கோவாவிலிருந்து செய்யப்பட்ட இனிப்பு ஆகும்.

2020 அக்டோபர் 1 முதல், உதிரியாக விற்கப்படும் இனிப்புகளுக்கும் எந்நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. பால்கோவா போன்ற பண்டங்களை வாங்குமுன் இதனைப் பார்ப்பது நல்லது.

எடையைக் கூட்ட மாவுப்பொருள் கலப்பது கலப்பட வகைகளுள் ஒன்று. இதனை வீட்டிலேயே கண்டறியலாம். சிறிதளவு பால்கோவாவை நீரில் இட்டுக் கொதிக்கவைத்து, நன்கு ஆறவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலில் இரண்டு மூன்று துளிகள் விட வேண்டும். நீல நிறம் தோன்றினால் மாவுப்பொருள் கலந்துள்ளது என்று பொருள். சோதித்த மாதிரியை உண்ணக் கூடாது. தாவரக் கொழுப்புக் கலப்பை உறுதியாக அறிய ஆய்வகச் சோதனை வேண்டும்.

பிற இடங்களில்

கோவாவை அடிப்படையாகக் கொண்ட இனிப்புகள் இந்தியா முழுவதும் உள்ளன. உத்தரப் பிரதேசத்தின் மதுரா, கருநாடகத்தின் தார்வாடு ஆகிய ஊர்கள் பேடாவுக்குப் பெயர் பெற்றவை. தார்வாடு பேடாவும் புவிசார் குறியீடு பெற்றது. வட இந்தியாவில் கோவாவுக்குப் பெரும்பாலும் எருமைப்பாலையே விரும்புவர். அதில் கொழுப்பு மிகுதி என்பதால் விளைச்சலும் கூடும். குலாப் சாமூன் செய்யவும் கோவா பயன்படுகின்றது. தென் அமெரிக்க நாடுகளில் பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிச் செய்யும் டுல்சே டி லெச்சே என்னும் பழுப்பு நிற இனிப்பு, நிறத்தையும் மணத்தையும் பால்கோவாவைப் போலவே மெயிலார்டு வினையால் பெறுகின்றது.

இவற்றையும் பார்க்க

திரட்டுப்பால்
அக்காரவடிசில்
பனங்கருப்பட்டி
கோவில்பட்டி கடலை மிட்டாய்
தூத்துக்குடி மக்ரூன்
புவிசார் குறியீடு